ஊசி கேட்ட கேள்வி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே 'அறிவியலும் தமிழும்' என்று அச்சாகியிருக்கிறது. இவ்வட்டத்தில் இதுவரை நான் பேசியவை அகத்திணை பற்றியும் யாப்புப் பற்றியுமே. ஆதலால், அணுவும் விண்கலமும் நம் பழம்பாடல்களிலேயே இருக்கின்றன என்று மெய்ப்பிக்கும் உரை ஒன்றைச் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். அத்தகைய உரை எனக்கு வராது. வரவழைத்துக்கொள்ள விருப்பமும் இல்லை. நான் பேசப்போவது ஒரே ஒரு நோயைப் பற்றி, அந்நோய்க்குத் தரப்பட்ட ஓர் ஊசியைப் பற்றி, அவ்வூசி நம் உடலுக்குள் எழுப்பும் ஒரு நொதியைப் பற்றி. யாப்பைத் தொடாமல் பேச இயலுமா என்று பார்த்தேன், இயலவில்லை.

என் தந்தையார் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவராக முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியவர். இங்கே அமர்ந்திருக்கும் மூத்த கவிஞர்கள் சிலரின் முதல் தொகுப்புகளுக்குக் காலிப் புரூஃப் பார்த்தவர் அவர்தாம். ஒற்று மிகும் இடத்தில் மிகாமலும் மிகா இடத்தில் மிகுந்தும் நீங்கள் எழுதியனுப்பியவற்றை ஓசையின்றிச் சரிசெய்துவிட்டு, 'கவிஞர் எழுதியது சரிதான், அச்சுக் கோத்தவர் தவறு' என்று சொல்லிவிடும் பெருந்தன்மையும் அவருக்கு உண்டு. 1987ஆம் ஆண்டு குடற்புண் வெடித்து அவசர அறுவை செய்யப்பட்டபோது அவருக்கு மூன்று புட்டி குருதி ஏற்றினார்கள். அக்குருதி அவரைப் பிழைக்க வைத்தது. பதினேழு ஆண்டுகள் கழித்து, 2004இல், கண்புரை அறுவைக்கு முன் செய்த சோதனையில்தான் அவர் உடலில் ஹெபடைட்டிஸ் சி நச்சுயிரி குடியிருப்பது தெரிந்தது. 1987இல் அந்த நச்சுயிரிக்குப் பெயரே இல்லை என்பதை நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும். குருதி கொடுத்தவரையோ, ஏற்றியவரையோ நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஈரல் கெட்டது என்றால் குடித்திருப்பார் என்பதே நம் ஊர் வழக்கு. அப்பா குடித்தார் என்று எண்ணியவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். அவர் ஒரு நாளும் குடித்ததில்லை. அதை அன்றே உரக்கச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். 'வயிற்றுப்புண் திரும்பவும் வந்துவிட்டது' என்று எல்லாரிடமும் மழுப்பினேன். தொற்றுநோய் என்று அறிந்தால் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார்களோ என்ற அச்சம். சேர்ந்து உண்பதாலோ, ஒரே குவளையில் நீர் அருந்துவதாலோ, தழுவிக்கொள்வதாலோ அந்நோய் பரவுவதில்லை. குருதி வழியாகவே பரவுகிறது. இதை அறிந்த பின்னும் நான் மழுப்பியதுதான் எனக்கு மன்னிக்க இயலாததாக இருக்கிறது.

இனி நோயைப் பார்ப்போம். 1970களில் அமெரிக்காவில் ஹார்வி ஆல்ட்டர் என்பார், குருதி ஏற்றப்பட்டவர்க்கு வரும் ஈரல் அழற்சிகளுள் பெரும்பாலானவை ஏ வகையும் அல்ல, பி வகையும் அல்ல என்று காட்டினார். இதனால் அந்நோய்க்குப் பல ஆண்டுகள் 'ஏ-யும் அன்று, பி-யும் அன்று' என்பதே பெயராக வழங்கிற்று. எதிர்மறையாலேயே பெயர் பெற்ற நோய். 1989இல் மைக்கேல் ஹௌட்டன், க்வி-லிம் சூ, ஜார்ஜ் குவோ ஆகியோர் அடங்கிய குழு நச்சுயிரியின் மரபுப்பொருளைப் பிரித்தெடுத்தது. அதன்பிறகே 'சி' என்ற எழுத்துக் கிடைத்தது. 2013இல் கனடாவின் உயரிய மருத்துவ விருது ஒன்று ஹௌட்டனுக்கு அறிவிக்கப்பட்டபோது, சூவையும் குவோவையும் சேர்க்காத விருது எனக்கு வேண்டா என்று அவர் மறுத்துவிட்டார். விருதுகள் பற்றி அடிக்கடி விவாதிக்கும் அவை இது என்பதால் இடையே இதைச் சொல்கிறேன். 2020இல் ஆல்ட்டர், ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவர்க்கும் நோபல் பரிசு வந்தது. அதை அவர் பெற்றுக்கொண்டார்.

இந்த நச்சுயிரி ஒரு சிறு பனுவல்தான். நான்கே எழுத்துகளால், ஏறத்தாழ 9,600 எழுத்துகளில் எழுதப்பட்ட ஓர் ஆர்.என்.ஏ. இழை. ஈரல் அணுவுக்குள் நுழைந்து தன்னைத் தானே படியெடுக்கிறது. நோயுற்ற ஒருவர் உடலில் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி நச்சுயிரிகள் பிறக்கின்றன என்று 1998இல் கணக்கிட்டார்கள். இதைப் படியெடுக்கும் நொதிக்கு மெய்ப்புத் திருத்தும் ஆற்றல் கிடையாது. அறிவியல் நூல்களிலேயே அந்தச் சொல்தான் இருக்கிறது. நான் உவமைக்காகப் புனைந்ததன்று. பிழை மலிந்த படிகள் பெருகுகின்றன. அப்பிழைகளே நச்சுயிரிக்கு வாழ்வாகின்றன; உடலின் காவலர்கள் ஒரு முகத்தை அடையாளம் காண்பதற்குள் அது வேறு முகத்தோடு நிற்கிறது. இதைக் கேட்டபோது அப்பா சிரித்தார். 'முப்பத்தைந்து வருஷமா பிழை திருத்தினவனுக்கு வந்த நோயைப் பார்த்தியாம்மா' என்றார்.

தொற்றியவர்களுள் பத்துக்கு ஏழெட்டுப் பேர்க்கு இது நாட்பட்ட நோயாக நிலைத்துவிடுகிறது. வலி இல்லை, மஞ்சள் இல்லை. இருபது, முப்பது ஆண்டுகள் ஈரல் மெல்ல மெல்ல நாரேறிக் கல்லாகிறது. நாம் அதற்குக் 'கல்லீரல்' என்று முன்னமே பெயரிட்டிருப்பது தற்செயல்தான். அதில் தீர்க்கதரிசனம் தேட வேண்டா.

இப்போது ஊசிக்கு வருகிறேன். 1957இல் இலண்டன் மில் ஹில் பகுதியிலுள்ள தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மான் என்னும் இருவர், கோழிக்கருவின் சவ்வின்மேல் செயலிழந்த ஃப்ளூ நச்சுயிரியை இட்டுப் பார்த்தனர். செத்த நச்சுயிரியைக் கண்ட சவ்வு, பின்னர் உயிருள்ள நச்சுயிரி வந்தபோது அதற்கு இடங்கொடுக்கவில்லை. சவ்விலிருந்து கசிந்த ஏதோ ஒன்று, வேறு சவ்வையும் காத்தது. குறுக்கிடும் பொருள் என்னும் கருத்தில் அதற்கு இன்டர்பெரான் என்று பெயரிட்டார்கள். சப்பானில் நாகானோ, கோஜிமா ஆகியோர் 1954இலேயே இதனையொத்த ஒன்றைக் கண்டிருந்தனர்.

இன்டர்பெரான் நச்சுயிரியைத் தானே கொல்வதில்லை. இங்கேதான் பலர் இடறுகிறார்கள், நானும் இடறினேன். அது ஒரு சொல் மட்டுமே. தாக்கப்பட்ட அணு வெளியிடும் அச்சொல்லைப் பக்கத்து அணுக்கள் கேட்கின்றன. கேட்டதும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழிக்கின்றன. அவ்வாறு விழிப்பவற்றுள் ஒன்றே நான் சொல்லவந்த நொதி. 'இரண்டு-ஐந்து ஒலிகோ அடினைலேட் சிந்தடேஸ்' என்பது அதன் முழுப்பெயர். நாவுக்கு இரக்கம் காட்டி, இவ்வுரையின் மட்டில் அதனைத் 'தளைநொதி' என்று அழைக்கிறேன். ஏன் தளை என்பதைக் கவிஞர்களுக்கு விளக்குவது எளிது.

ஆர்.என்.ஏ. இழையில் ஓர் எழுத்து அடுத்த எழுத்தோடு சேர்வதற்கு ஒரு முறை உண்டு. ஓர் எழுத்தின் சருக்கரை வளையத்தில் மூன்றாம் கரியிலிருந்து அடுத்ததன் ஐந்தாம் கரிக்குப் பாலம் அமையும். உயிர்கள் எழுதும் பனுவல் முழுவதும் இதே கட்டு. வெண்பா முழுதும் வெண்டளையே வருவதுபோல் என்று கொள்ளுங்கள். தளைநொதியோ, அதே எழுத்துகளை எடுத்து, இரண்டாம் கரியிலிருந்து ஐந்தாம் கரிக்குப் பாலம் போடுகிறது. எழுத்து அதே, தளை வேறு. நம் செவிக்குத் தளை தட்டினால் உடனே உறுத்துகிறதல்லவா? அணுவுக்கும் அப்படியே. 1978இல் இயன் கெர் என்பார் தம் துணைவரோடு இந்த விந்தையான கட்டினைக் கண்டறிந்து எழுதினார். அதுவும் மில் ஹில்லில்தான், ஐசக்ஸ் இருந்த அதே நிறுவனத்தில்.

தளைநொதி சும்மா இருக்கும்போது செயலற்றது. இரட்டை இழையான ஆர்.என்.ஏ. எதிர்ப்பட்டால்தான் துடித்தெழுகிறது. நச்சுயிரி தன்னைப் படியெடுக்கும் நேரத்தில் அத்தகைய இரட்டை இழை தோன்றாமல் இராது. எழுந்த நொதி, தளை பிறழ்ந்த அந்தக் குறுஞ்சங்கிலியை உண்டாக்குகிறது. அச்சங்கிலியைக் கண்டதும், அதுவரை தனித்தனியே உறங்கிக்கிடந்த ஆர்.என்.ஏஸ் எல் என்னும் மற்றொரு நொதி இணைசேர்ந்து கத்தரிக்கோலாகிறது. நச்சுயிரியின் பனுவலை வெட்டுகிறது. அத்தோடு நில்லாமல் அணுவின் சொந்தப் பனுவலையும் வெட்டுகிறது. புரத ஆக்கம் தடைப்படுகிறது; சில வேளை அணுவே மடிகிறது. அந்தக் கத்தரிக்கு நட்பு, பகை பார்க்கத் தெரியாது. தெரிந்ததெல்லாம் எழுத்துச் சேர்க்கைதான்: யூ-வை அடுத்து ஏ, யூ-வை அடுத்து யூ, இவ்விரு இணைகள் வரும் இடங்களிலேயே பெரிதும் வெட்டுகிறது.

2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றைப் படித்தபோது நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். ஹெபடைட்டிஸ் சி-யின் மரபுவகைகளுள் இன்டர்பெரானுக்கு எளிதில் அடங்காதது முதல் வகை. இரண்டாம், மூன்றாம் வகைகளோடு ஒப்பிட்டால், அந்த முதல் வகையின் பனுவலில் யூ-ஏ, யூ-யூ இணைகள் குறைந்திருக்கின்றன என்று அவ்வாய்வு எண்ணிக் காட்டுகிறது. வெட்டுப்படும் எழுத்துகளைத் தவிர்த்து எழுதப்பட்ட பனுவல்! இதழ் குவியாமல் பாடும் நிரோட்டகம் நம்மிடம் உண்டு. புலவன் தன் புலமை காட்டப் பாடியது. இங்கே எழுதியவன் எவனும் இல்லை. பிழைகளுள் பிழைத்தவை மட்டும் எஞ்சின. அப்பாவுக்கு இருந்தது அந்த முதல் வகை.

2005ஆம் ஆண்டு ஊசி தொடங்கிற்று. திங்கள், புதன், வெள்ளி இரவுகளில் ஒவ்வொன்று. ஒரு முறைக்கு 30 இலட்சம் அலகு. உடன் ரிபாவிரின் மாத்திரை. ஊரிலிருந்த ஒன்றரை ஏக்கர் நிலம் அதற்கென விற்கப்பட்டது. எங்கள் வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லாததால் மருந்து எதிர்வீட்டுக் குளிர்ப்பெட்டியில் மோர்ப் பாத்திரத்திற்கும் மல்லிகைச் சரத்திற்கும் நடுவே இருந்தது. அது சர்க்கரை நோய்க்கான ஊசி என்று அங்கும் ஒரு பொய். முனைவர் பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதிக்கொண்டிருந்த நான் செவிலியிடம் ஊசி போடக் கற்றுக்கொண்டேன். போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். போர்வைக்குள்ளிருந்தபடியே மெய்ப்புப் பார்ப்பார். தலைமுடி உதிர்ந்தது. ஒரு சொல்லுக்கும் சினக்காதவர் சினந்தார். பின்னர்ப் பேசாமலே இருந்தார். உள்ளச் சோர்வு அம்மருந்தின் அறிந்த விளைவு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று எங்களிடம் எவரும் சொல்லவில்லை.

இருபத்து நான்காம் வாரச் சோதனையிலும் நச்சுயிரி குறையாதிருந்தது. மருத்துவர் ஊசியை நிறுத்தினார். தாளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால், 'விடை தராதவர்' என்று வரும். மருத்துவ வழக்கில் மருந்து வினவுகிறது, நோயாளி விடையிறுக்க வேண்டும். நச்சுயிரி நீங்காவிட்டால் விடை தராதவர் நோயாளி. மருந்து தோற்றது என்று எழுதுவதில்லை. சொற்களோடு வாழ்ந்த மனிதர் அத்தாளை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: 'ஊசி கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லலையாம்மா?' எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தமிழில் முனைவர் பட்டம் பெறவிருந்தவளிடம் அதற்குத் தமிழ் இல்லை.

அக்கேள்விக்கு விடை, நான் அறியாமலே, அதே ஆண்டில் வெளிவரத் தொடங்கியிருந்தது. அதைக் கண்டுகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. எங்கள் கல்லூரியின் விலங்கியல் துறைத் தோழி பக்கத்தில் அமர்ந்து வரிவரியாகச் சொல்லிக்கொடுத்ததால் இயன்றது.

1980களிலும் 1990களிலும் சப்பானிலும் ஐரோப்பாவிலும் மருத்துவர்கள் நோயாளிகளின் குருதியில் தளைநொதியின் செயல்திறனை அளந்து வந்தார்கள். ஊசி போட்டபின் அது ஏறினால் மருந்து வேலை செய்கிறது, ஏறாவிட்டால் இல்லை என்று கொள்ளலாம் அல்லவா? நேரிய எண்ணம்தான். ஆனால் குணமாகாத பலர்க்கும் அது ஏறிற்று. நம்பத்தக்க அளவுகோலாக அது நிலைபெறவில்லை. 2005இல் கனடாவின் டொராண்டோவில் குருதியை விட்டு ஈரலையே பார்த்தார்கள். ஊசி தொடங்குவதற்கு முன்னர் எடுத்த ஈரல் துணுக்குகளில், இன்டர்பெரானால் விழிக்கும் மரபணுக்கள் எவ்வளவு விழித்திருக்கின்றன என்று அளந்தார்கள். வந்த முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. பின்னாளில் குணமானவர்களின் ஈரலில் அவை அமைதியாக இருந்தன. குணமாகாதவர்களின் ஈரலில், ஒரு துளி மருந்தும் செல்வதற்கு முன்பே அவை உரத்து எரிந்துகொண்டிருந்தன. அவற்றுள் தளைநொதிக் குடும்பத்து மரபணுக்களும் உண்டு. 2008இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆய்வு இதனை உறுதிசெய்தது: முன்னமே முழுக்க விழித்திருந்த ஈரலில், ஊசியால் மேலும் எழுப்புவதற்கு ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை.

விடை தராதவர் என்று எழுதப்பட்டவர்கள் ஆண்டுக்கணக்காக விடை தந்துகொண்டே இருந்தவர்கள் என்பதே இதன் பொருள். அப்பாவின் ஈரலை எவரும் அவ்வாறு அளக்கவில்லை. ஆதலால் அவர் நிலையும் இதுவே என்று நான் ஆணையிட்டுக் கூற இயலாது. பெரும்பாலோர்க்குப் பொருந்தியது அவர்க்கும் பொருந்தியிருக்கும் என்று எண்ணுகிறேன்.

காவல் அவ்வளவு விழித்திருந்தும் நச்சுயிரி ஏன் அழியவில்லை என்று கேட்பீர்கள். முழு விடை எளிதன்று. தான் புகுந்த அணுவில் அபாயமணியின் கயிற்றையே அறுக்கும் நொதி ஒன்றை நச்சுயிரி வைத்திருக்கிறது. இது 2005இல் தெளிவாயிற்று. சுற்றியுள்ள அணுக்கள் ஓயாமல் கூவ, நெடுங்கூச்சலுக்குப் பழகிய செவிபோல ஈரல் மரத்துப்போகிறது. 2009இல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சப்பான் ஆகிய நாடுகளில் தனித்தனியே ஆய்ந்த குழுக்கள், பத்தொன்பதாம் குரோமோசோமில் ஒரே ஓர் எழுத்து வேற்றுமை குணமாவதையும் ஆகாததையும் பெரிதும் வேறுபடுத்துகிறது என்று கண்டன. 2013இல் அதன் உள்மருமம் அவிழ்ந்தது. அவ்விடத்தில் இன்னொரு இன்டர்பெரான் மரபணு இருக்கிறது. மாந்தர் பலரிடம் அது ஓர் எழுத்துப் பிறழ்ச்சியால் பழுதுபட்டுப் புரதம் தராமல் கிடக்கிறது. பழுதானவர்களுக்குத்தான் நோய் எளிதில் நீங்குகிறது. பிழையின்றி வைத்திருப்பவர்களுக்கு நீங்குவது அரிது. மெய்ப்புத் திருத்துபவரின் மகளான எனக்கு இதை ஒப்புக்கொள்ளவே நெடுநாள் பிடித்தது.

ஊசியின் கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன். தனி இன்டர்பெரானால் குணமானோர் ஐந்தில் ஒருவர்க்கும் குறைவு. ரிபாவிரின் சேர்ந்தபின் பத்தில் நால்வர். நெடுநேரம் நின்று செயற்படும் வடிவம் 2001ஐ ஒட்டி வந்தபின் பாதிக்குச் சற்று மேல். 2013 இறுதியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரை ஒப்புதல் பெற்றது. அது உடலிடம் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை; நச்சுயிரியின் படியெடுக்கும் நொதியையே நேரே முடக்குகிறது. மற்றொரு மாத்திரையோடு சேர்த்துப் பன்னிரண்டு வாரம் உண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர்க்கு மேல் குணமாகிறார்கள். 2015இல் இந்திய நிறுவனங்களே அதைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கின. 2018இல் நடுவணரசின் திட்டம் ஒன்று அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தர வழிசெய்தது.

அப்பா 2011இல் ஈரல் புற்றுநோயால் மறைந்தார். இரண்டு ஆண்டு, நான்கு ஆண்டு என்று நான் கணக்கிட்டுப் பார்ப்பதுண்டு. கணக்கிட்டு என்ன?

கவிஞர்களிடம் ஒரு விண்ணப்பம், கவிதை பற்றியதன்று. நம் நாட்டில் குருதி வங்கிகளில் இந்த நச்சுயிரிக்கான சோதனை கட்டாயமானது இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில்தான். அதற்கு முன் அறுவைக்கோ, மகப்பேற்றுக்கோ, விபத்துக்கோ குருதி ஏற்றிக்கொண்டவர்கள் இந்த அவையில் ஐந்தாறு பேராவது இருப்பீர்கள். ஒரு சிறு குருதிச் சோதனை போதும். அதில் அறிகுறி தெரிந்தால் மறு சோதனை ஒன்று உண்டு. நச்சுயிரி இப்போதும் உடலில் இருக்கிறதா என்பதை அது சொல்லும். தடுப்பூசி இன்றுவரை இல்லை, மாத்திரை இருக்கிறது. கூச்சமாக இருந்தால் என்னிடம் தனியே சொல்லுங்கள். நான் உடன் வருகிறேன். எதிர்வீட்டில் பொய் சொல்ல வேண்டிய தேவையும் இப்போது இல்லை. மாத்திரைக்குக் குளிர்ப்பெட்டி வேண்டா.

விழா மலருக்காக இவ்வுரையை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டிருக்கிறார். ஒற்றுப்பிழை இருந்தால் பொறுத்தருள்க; பார்ப்பதற்கு வீட்டில் ஆள் இல்லை. தலைவர் மணியின்மேல் கை வைத்துவிட்டார், அடுத்துக் கவியரங்கம்.